வாய்க்குள்ளேயே பேசுகிறவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

நான் வீட்டில் கத்துகிறேனாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்க்கிறார்களாம். சொல்வது என் மனைவி வனத்தாய். சொல்லிவிட்டு, புது வருடத்துக்கு முதலாளி கொடுத்து அலமாரியில் கிடந்த இந்த டைரியை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"கோவம் வந்தா இதுல எழுதுங்க. சத்தம் வராது."

சரி, எழுதுகிறேன். முதல் கோபம் அவள்மேல்தான். எதைச் சொன்னாலும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். என்ன என்று திருப்பிக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முப்பது வருடக் குடும்பத்தில் ஒரு மனுஷனிடம் முகத்தைப் பார்த்துப் பேச முடியாதா?

எழுதுகிறவன் யார் என்று எழுதிவைக்க வேண்டும். தவசி, வயது ஐம்பத்து மூன்று. போடியிலிருந்து மலைக்கு ஏறும் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாக டிரைவர். பதினேழு கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. இதுவரை ஒரு ஆட்டுக்குட்டிகூட என் சக்கரத்தில் விழுந்ததில்லை. லைசென்ஸ் ஜூலை ஐந்தோடு முடிகிறது. ஹெவி லைசென்ஸ் என்பதால் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். அது பெரிய விஷயம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

பெரிய விஷயமாக்கிவிட்டார்கள்.

இத்தனை வருடமும் டிரைவிங் ஸ்கூல் பால்ச்சாமி படிவத்தை எடுத்துக்கொண்டு போவான், டாக்டர் சடகோபன் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போடுவார், சாயங்காலம் சான்று என் கையில் இருக்கும். கண், காது, கை, கால் எல்லாம் சரி என்று என்னைப் பார்க்காமலே மூன்று முறை எழுதிக் கொடுத்த மகராசன். தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அந்த நாற்காலியில் அவர் மகள் டாக்டர் நித்யகல்யாணி உட்கார்ந்திருக்கிறார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, ஆளைக் கூட்டி வா என்றாராம்.

"அந்தம்மா ரொம்ப கறாருண்ணே. நேர்ல போயிருங்க" என்கிறான் பால்ச்சாமி. இதைச் சொல்ல இவனுக்குக் கமிஷன் ஒரு கேடு.

ஜூன் 6, வெள்ளி

போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். டோக்கன் கூப்பிடும் பெண் ஈனசுரத்தில் கூப்பிடுகிறது. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள். கேட்டால், "ஒங்க பேர நாலு தடவ கூப்பிட்டேன் சார்" என்று பொய் சொல்கிறது.

கண் சோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். சிவப்பு, பச்சை எல்லாம் சொன்னேன். பிரஷர் கொஞ்சம்தான் கூடுதல். அதற்கும் அந்தப் பெண்தான் காரணம். எல்லாம் முடிந்தது என்று சட்டைப் பொத்தானைப் போடும்போது டாக்டரம்மா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலயேம்மா."

"ஆறு நம்பர் சொன்னேன்."

"சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமேம்மா!"

மறுபடியும் பின்னால் போனார். மறுபடியும் அதே கதை. எனக்குக் கொதித்துப் போயிற்று. "எம் பஸ்ஸுல யாரும் முதுகுக்குப் பின்னாடி நின்னு ரகசியம் பேச மாட்டாங்கம்மா. ஹாரன் அடிப்பாங்க, விசில் ஊதுவாங்க. அதுல ஏதாச்சும் அடிச்சுப் பாருங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். சாதாரண ஒலிச் சைகைகளைக் கேட்க முடியாத அளவுக்குச் செவிட்டுத்தன்மை உண்டா என்று அச்சடித்திருக்கிறது. "இதுக்குக் கீழ 'இல்லை'ன்னு நான் எழுத முடியாது. மெடிக்கல் காலேஜ்ல காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. மெஷின் வச்சா சரியாகலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செவிட்டுத்தன்மையாம். வாய்க்குள்ளேயே பேசுகிறவர்களுக்கு ஒரு டெஸ்ட் வையுங்கள் முதலில்!

சீட்டை வண்டி ஸ்டியரிங் துடைக்கிற துணியோடு சுருட்டி வைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

இந்த ஊரில் ஒருவன்தான் ஒழுங்காகப் பேசுகிறவன். என் கண்டக்டர் சுருளிவேல். எதைச் சொல்வதானாலும் பின்படியிலிருந்து நடந்து வந்து, முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிதானமாகச் சொல்வான். மரியாதை தெரிந்தவன். பதினோரு வருடம் ஒன்றாக ஓடுகிறோம்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹாரன், பிறகு ஒரு மூச்சு காத்திருந்து, எதிரே பதில் வருகிறதா என்று கேட்டு, பிறகுதான் திருப்ப வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். நான் ஹாரன் அடித்துக் காத்திருப்பேன். போன வருடத்திலிருந்து சுருளி மலை தொடங்கியதும் முன்படிக்கு வந்துவிடுகிறான். எதிரே வண்டி வந்தால் தகரத்தில் ஒரு தட்டு, வழி காலியென்றால் இரண்டு தட்டு. அந்த அதிர்வு சீட்டு வழியாக முதுகுக்கே வந்துவிடும். நான் கேட்காமலே அவனாகச் செய்கிறான். வேலையில் அவ்வளவு ஈடுபாடு.

அவன் மகள் யோகலட்சுமி டீச்சருக்குப் படித்துவிட்டு, மேலே எஸ்டேட் ஸ்கூலில் இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறு மணி வண்டியில் எங்களோடுதான் ஏறுகிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். நல்ல பிள்ளை. ஆனால் அவளும் வாய்க்குள்ளேயேதான் பேசுகிறாள்.

ஜூன் 12, வியாழன்

வேறு இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருத்தர், டிரைவர்களுக்குச் சான்று கொடுப்பதையே விட்டுவிட்டாராம். இன்னொருத்தர் என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னமோ சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் கேள்வி கேட்டிருக்கிறார். கையெழுத்துப் போடவில்லை.

முதலாளி குணசீலன் போனில், அஞ்சாம் தேதிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் ராயப்பனை மலைக்குப் போடுவேன் என்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். இந்தக் காலத்து போன்கள் எல்லாம் மட்டமான சரக்கு. ராயப்பன் தேனி ரூட்டில் தார் ரோட்டில் பாய் விரித்த மாதிரி ஓட்டுகிறவன். அவனுக்கு மலை என்ன தெரியும்?

ஜூன் 15, ஞாயிறு

டிவி சத்தத்தைக் குறைத்தாள். கூட்டினேன். குறைத்தாள். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

சுருளி இன்று மேலே வண்டி நின்றபோது டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் போடுறாங்க. நூறு, நூத்தம்பது பேரு வருவாங்க. டாக்டர்க நின்னு நிதானமாப் பாக்க மாட்டாங்க. நான் கூட வர்றேன்."

"நீ வந்து என்ன செய்யப் போற?"

"டாக்டர் ஒங்களுக்குப் பின்னாடி நிப்பாரு. நான் எதுக்க நிக்கிறேன். அம்புட்டுத்தான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கூட்டமான வண்டியில் எத்தனை டிக்கெட் நிற்கிறது என்று அவன் கண்ணாடியில் விரலைக் காட்டுவான், நான் பார்த்துக்கொள்வேன். பதினோரு வருடப் பழக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணுண்ணே. லைசென்ஸ் வந்ததும் அந்த மெஷின வாங்கி மாட்டிக்கணும். எனக்கு நீங்க சத்தியம் பண்ணணும்."

"சரிடா."

"எந் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அடித்துச் சொன்னேன். இதற்கெல்லாமா சத்தியம் வாங்குவார்கள்? ஒரு கையெழுத்துக்கு இத்தனை கூத்து.

ஜூன் 22, ஞாயிறு

மண்டபத்தில் ஒரே தள்ளுமுள்ளு. கல்யாணத்துக்குக்கூட அங்கே இவ்வளவு கூட்டம் வந்திருக்காது. லாரிக்காரன், வேன்காரன், ஸ்கூல் பஸ்காரன் எல்லாரும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு, பொங்கல் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். காதுக்கு ஒரு சின்னப் பையன் டாக்டர். மீசைகூட முழுதாக வரவில்லை. என்னைச் சுவரைப் பார்க்க உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். சுவர் ஓரத்தில் சுருளி, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி நின்றான்.

நெஞ்சுக்கு நேராக நாலு விரல். "நாலு" என்றேன். ஏழு. "ஏழு." இரண்டு. "ரெண்டு." ஒன்பதுக்கு அவன் காட்டியதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம். அவன் உடனே கட்டைவிரலை மடக்கிக் காட்டினான். "ஒம்போது."

"காது நல்லாருக்கு ஐயா. ஒங்க வயசுக்கு ரொம்ப நல்லாருக்கு" என்று டாக்டர் முன்னால் வந்து சொன்னார். சான்றில் சீல் குத்திக் கையில் கொடுத்தார். வெளியே வந்து சுருளியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவன் முகம் செத்துப்போய் இருந்தது. பசிக்கிறது போலிருக்கிறது என்று பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டான்.

ஜூன் 30, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு எவனும் என் காதைப் பற்றிப் பேச முடியாது.

ஜூலை 2, புதன்

பேசுகிறான். சுருளிதான்.

"மெஷின் என்னாச்சுண்ணே?"

"பாக்கலாம்டா. மழ முடியட்டும்."

"மழக்காலத்துலதாண்ணே அது வேணும்."

எனக்கு எகிறிவிட்டது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால், ஏறுகிறவன் என்னைப் பார்ப்பானா, காதைப் பார்ப்பானா? 'செவிட்டு டிரைவர் வண்டி, அடுத்த வண்டில போவோம்' என்று இறங்கிப் போவான். பத்தொன்பது வருடம் மலையில் ஓட்டியவனுக்கு இந்தப் பட்டம் தேவையா? இதையெல்லாம் அவனிடம் சொல்லித் தீர்த்தேன். அவன் பையை மாட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

ஜூலை 4, வெள்ளி

யோகலட்சுமி மூன்று நாளாக வண்டியில் வரவில்லை. லீவா என்று கேட்டேன். "இல்லண்ணே, கூட வேல பாக்குறவங்களோட ஜீப்புல போகுது" என்றான் சுருளி. சொல்லும்போது டிக்கெட் கட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜீப்பா! எட்டுப் பேர் போகிற இடத்தில் பதினெட்டுப் பேரை அடைத்து, பின்னால் நாலு பேரைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற அந்தப் பேய் வண்டியிலா? ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற அந்த டிரைவர்களுக்குப் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் போடத் தெரியாது. அப்பன் கண்டக்டராக இருக்கிற பஸ்ஸில் சும்மா வரலாம், இதற்குக் காசும் கொடுத்து உயிரையும் பணயம் வைத்து ஏன் போக வேண்டும்? அப்பனாவது கண்டிக்க வேண்டாமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டாளி என்றால் போதும்.

ஜூலை 8, செவ்வாய்

சுருளிக்குக் காய்ச்சல். மாற்றுக்கு ஒரு புதுக் கண்டக்டரை அனுப்பினார்கள். பின்படியிலேயே நின்றான். மலை வந்தும் முன்னால் வரவில்லை. வா என்று நான் எதற்குக் கூப்பிட வேண்டும்?

ஏறும்போது ஒன்றுமில்லை. ஏழே முக்காலுக்குத் திரும்பி இறங்கினோம். பனி இறங்கியிருந்தது. ஒன்பதாவது வளைவில் நீளமாக ஹாரன் அடித்தேன். ஒரு மூச்சு காத்திருந்தேன். பதில் இல்லை. திருப்பினேன். கண்ணாடி முழுக்க ஜீப்.

எப்படி மிதித்தேன் என்று தெரியவில்லை. பஸ் குலுங்கி நின்றது. ஜீப்புக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. அதன் பின்சக்கரம் ஓரக் கல்மேல் ஏறி நின்றது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் பனிதான். ஜீப்காரன் இறங்கி ஓடிவந்தான். அவன் வாய் மட்டும் அசைந்தது. கிட்டே வந்த பிறகுதான் சத்தமும் வந்தது.

"அஞ்சு தடவ ஹாரன் அடிச்சனேய்யா! ஏறுற வண்டிய்யா நானு! அஞ்சு தடவ அடிச்சேன்!"

"அடிச்சிருந்தா கேட்டிருக்குமேடா" என்றேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் பொம்பளைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் என் பக்கம் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஜீப்பிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஐந்தாவதாக யோகலட்சுமி இறங்கினாள். சோற்றுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மேலே நடக்கத் தொடங்கினாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜீப்காரன்மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று எழுதத்தான் டைரியை எடுத்தேன்.

எழுதவில்லை.

ஜூலை 9, புதன்

லீவு போட்டேன். பத்து மணிக்குச் சுருளி வீட்டுக்குப் போனேன். போர்வையோடு எழுந்து உட்கார்ந்தான். நடந்ததை மகள் சொல்லியிருக்கிறாள்.

"ஏண்டா, புள்ளைய ஜீப்புல அனுப்புறவன் நீதானா?" என்று கேட்டேன்.

"நாந்தாண்ணே."

"எம் பஸ்ஸ விட அந்த ஜீப்பு ஒனக்கு ஒசத்தியாப் போச்சா?"

அவன் எனக்கு நேராக உட்கார்ந்து, எப்போதும் போல நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னான். "படியில நான் நிக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லண்ணே. ஆனா எனக்கு ஒரு காய்ச்ச வரும், ஒரு நாளைக்குக் கால் வழுக்கும். அன்னிக்கு எம் புள்ள உள்ள ஒக்காந்திருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். மத்தவுக புள்ளைக ஒக்காந்திருந்துச்சுக. அதயும் தெரிஞ்சுதான் டிக்கெட் கிழிச்சேன். அந்த மண்டபத்துல வெரலக் காட்டுன நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கலண்ணே."

அவன் அழுதான். அவன் மனைவி கதவோரமாக நின்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். என்ன சொல்லித் திட்டுவது? இவன்மேல் கோபப்பட எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்து வனத்தாயிடம் கேட்டேன். "எனக்குக் காது கேக்காதா?" முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன்.

"நாலு வருசமாச் சொல்றேன்" என்றாள். அதைத்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

டாக்டர் நித்யகல்யாணியிடம் போனேன். தனியாக. டோக்கன் பெண்ணிடம், என் பேர் வரும்போது தோளைத் தொடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

லைசென்ஸைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "இத யார் கையெழுத்துப் போட்டது? ஒங்களுக்குத்தான் கெடச்சிருச்சே, திரும்ப ஏன் வந்தீங்க?"

"அன்னிக்குப் பண்ணுன மாதிரி பின்னாடி நின்னு சொல்லுங்கம்மா. கேட்டத மட்டும் சொல்றேன். உள்ளத எழுதிக் குடுங்க."

பத்து நம்பர் சொன்னாராம். எனக்கு இரண்டு கேட்டது. மெடிக்கல் காலேஜுக்கும் அனுப்பினார். அங்கே கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கை பொத்தானிலேயே இருந்தது, அமுக்க வேலை வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு நர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பாவம் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. இடது காது ஏறக்குறைய போய்விட்டது. வலது காது பாதி. பக்கத்திலேயே இன்ஜின், தலைக்கு மேலே ஏர் ஹாரன், பத்தொன்பது வருடம் என்று அங்கிருந்த டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். மெஷின் மாட்டி மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்களாம். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் மலை ரூட் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

தாளை முதலாளி மேஜையில் வைத்தேன்.

"ஏப்பா தவசி, இத ஓங்கிட்ட யாரு கேட்டா? லைசென்ஸ் இருக்குல்ல? பேசாம ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது, அவ்வளவு சத்தம்.

"ஓட்ட முடியாதுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். ஒன்பதாவது வளைவைச் சொன்னேன். தாளை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு, ஷெட்டில் டயரும் ஆயிலும் பார்த்துக்கொள், மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றார். சாவியைக் கொடுத்தேன். வெளியே வந்து பஸ்ஸைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். எவனோ பின் கண்ணாடியில் பாக்கு எச்சில் துப்பியிருந்தான். கழுவினேன்.

ஜூலை 14, திங்கள்

ஷெட் வேலை எட்டு மணிக்குத்தான். ஆனாலும் ஐந்தரைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். ராயப்பன் என் சீட்டை அவன் உயரத்துக்குத் தகுந்தபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு முறை கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை. காலடியில் தரை அதிர்ந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டடி வைத்தேன். சொல்லவில்லை.

சுருளி காய்ச்சல் தேறி வந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான். கிட்டே வரவில்லை, நானும் போகவில்லை. அவன் பின்படியில் நின்றான். கண்டக்டர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது யோகலட்சுமி வந்தாள். ஜீப் நிற்கிற பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எனக்கும்தான்.

"ஏறும்மா. நேரமாச்சு" என்றேன்.

ஏறினாள். நான் ஓட்டவில்லை என்று தெரிந்துதான் ஏறினாள்.